விரைவா, தேவையா? இரண்டு மின்சார வண்டிகளும் ஒரு குடும்பத்தின் கணக்கும்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு வாகனம் ஆடம்பரப் பொருளன்று. ஓடைப்பட்டியில் விளையும் விதையில்லாத் திராட்சை பழுத்துவிட்டால் ஒரு நாள்கூடக் காத்திராது. அதைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்க வண்டி வேண்டும். நோயாளியைத் தேனிக்கோ மதுரைக்கோ கொண்டுசெல்லவும், குமுளி மலையேறிக் கேரளத்தில் உள்ள உறவினரைக் காணவும் வண்டி வேண்டும். மாட்டு வண்டியிலிருந்து ஜீப்பிற்கும், ஜீப்பிலிருந்து டீசல் காருக்கும் மாறிய நம் வீடுகளில் இப்போது மின்சாரக் காரைப் பற்றிய பேச்சு நடக்கிறது. வாங்க எண்ணியிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், எங்கள் வீட்டில் பல வாரங்கள் நடந்த ஆராய்ச்சியை இங்கே எழுதுகிறேன்.

தம்மாமில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்துவிட்டு என் தம்பி ஊருக்குத் திரும்பும் முடிவை எடுத்தான். சேமிப்பில் ஒரு பகுதி நிலத்திற்கும் இன்னொரு பகுதி பிள்ளைகளின் படிப்பிற்கும் போக, வண்டிக்கென்று ஒதுக்கியது இருபத்து நான்கு இலட்சம் ரூபாய். எங்கள் அத்தாவுக்கு எழுபத்தாறு வயது. மாதம் இருமுறை அவரை மதுரைக்குச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், வர நூறு கிலோமீட்டர். தம்பி தொலைபேசியில் சொன்னான்: “அண்ணே, வாங்குவது ஒருமுறைதான். இருப்பதிலேயே வேகமான வண்டியாகப் பாருங்கள்.” அவன் மனத்தில் இருந்தவை இரண்டு. ஒன்று மகிந்திரா நிறுவனத்தின் எக்ஸ்.இ.வி. 9இ. மற்றொன்று டாடா நிறுவனத்தின் ஹாரியர் மின்சார வண்டி.

முதலாவது, 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் அறிமுகப்படுத்தப்பட்டது. செங்கல்பட்டிற்கு அருகில் உள்ள அந்நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்திற்கு இதன் உருவாக்கத்தில் பெரும் பங்கு உண்டு என்பது தமிழகத்தாருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இரண்டாவது 2025 ஜூன் 3 அன்று வெளிவந்தது. இரண்டுமே ஐவர் அமரும் பெரிய வண்டிகள். அறிமுக விலை முதலாவதற்கு ரூ.21.90 இலட்சத்திலும், இரண்டாவதற்கு ரூ.21.49 இலட்சத்திலும் தொடங்கியது. காப்பீடு, பதிவு, வீட்டில் பொருத்தும் மின்னேற்றி ஆகியவற்றின் செலவு தனி.

முதலில் தம்பி விரும்பிய வேகத்தைப் பார்ப்போம். எக்ஸ்.இ.வி. 9இ வண்டியின் பெரிய மின்கலம் 79 கிலோவாட் மணி கொள்ளளவுடையது. ஒரு கிலோவாட் மணி என்பது நம் மின் அட்டையில் வரும் ஒரு யூனிட்தான். பின்சக்கரங்களை இயக்கும் ஒரே மோட்டார் 286 குதிரைத் திறனும் 380 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தருகிறது. நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 6.8 விநாடியில் எட்டும் என்கிறது நிறுவனம். ஹாரியரின் உயர்ந்த வகையில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு மோட்டார்கள். முன்னதன் திறன் 158, பின்னதன் திறன் 238. நான்கு சக்கரங்களும் இயங்குகின்றன. முறுக்கு விசை 504 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்திற்கு 6.3 விநாடி போதும். சாதாரணக் குடும்ப டீசல் வண்டிக்கு இதே வேகத்தை எட்டப் பத்து விநாடியாவது வேண்டும்.

மின் மோட்டாரில் இந்த விரைவு எப்படி வருகிறது? டீசல் எஞ்சின் குறிப்பிட்ட சுழற்சியை எட்டிய பிறகே முழு விசையைத் தரும். இடையில் கியர் மாற்ற வேண்டும். மின் மோட்டாரோ சுழலத் தொடங்கும்போதே முழு முறுக்கு விசையைக் கொடுத்துவிடும். மதுரையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். மிதியைச் சற்று அழுத்தியதும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. உடன் வந்த தம்பி மகன் மகிழ்ச்சியில் கூவினான். பின்னிருக்கையில் இருந்த அத்தா கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, “மெதுவாப் போப்பா, பஸ்ஸைப் பிடிக்கவா போறோம்?” என்றார். அந்தக் கேள்வி எங்கள் ஆராய்ச்சியின் திசையையே மாற்றிவிட்டது. ஆடுகளும் பிள்ளைகளும் குறுக்கே வரும் ஊர்ச் சாலையில் ஓசையின்றிப் பாயும் இரண்டு டன் வண்டி வரமா, பொறுப்பா என்று சிந்திக்கத் தொடங்கினோம். இவ்வண்டிகளில் சிக்கன ஓட்டத்திற்கென்று தனி முறை உண்டு. இளைஞர் கையில் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் அதைப் பழக்கிக் கொடுப்பது நல்லது.

பாதுகாப்பில் இரண்டிற்கும் ஏற்றத்தாழ்வு இல்லை. இந்திய அரசின் பாரத் என்கேப் மோதல் சோதனையில் இரண்டுமே ஐந்து நட்சத்திரம் பெற்றவை. பெரியவர் பாதுகாப்பில் இரண்டும் 32க்கு 32. குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டும் 49க்கு 45. இவ்வளவு ஒத்த மதிப்பெண்கள் வியப்பிற்குரியவை. எனவே இந்தக் காரணத்தைக் கொண்டு ஒன்றைத் தள்ளி மற்றொன்றை எடுக்க இயலாது.

அடுத்தது, ஒருமுறை மின்னேற்றினால் எவ்வளவு தூரம் ஓடும் என்பது. விளம்பரத்தில் 79 கிலோவாட் மணி எக்ஸ்.இ.வி. 9இ வண்டிக்கு 656 கிலோமீட்டர் என்றும், 75 கிலோவாட் மணி கொண்ட நான்கு சக்கர இயக்க ஹாரியருக்கு 622 கிலோமீட்டர் என்றும் காண்கிறோம். இவை சோதனைக்கூடத்தில் வரையறுத்த முறைப்படி ஓட்டிப் பெற்ற எண்கள். சாலையில் குளிர்சாதனம் ஓடும், வேகம் கூடும், ஐந்து பேரும் மூட்டைகளும் இருக்கும். டாடா நிறுவனமே தன் நான்கு சக்கர இயக்க வகைக்கு நடைமுறையில் 460 முதல் 490 கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம் என்று கூறியிருக்கிறது. ஆகவே விளம்பர எண்ணில் நான்கில் மூன்று பங்கை மட்டும் கணக்கில் கொள்வது அறிவுடைமை. எங்கள் மதுரைப் பயணத்திற்குப் போக வர இருநூறு கிலோமீட்டர்தான். பெரிய மின்கலத்தில் பாதிக்கு மேல் எப்போதும் பயன்படாமல் கிடக்கும் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

மலைச் சாலையைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். அதையும் கணக்கிட்டோம். பள்ளத்தாக்கிலிருந்து குமுளிக்கு ஏற்றம் ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர். ஆட்களோடு சேர்த்து வண்டியின் எடை இரண்டரை டன் என்று கொண்டால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மூன்றரை யூனிட் மின்சாரம் கூடுதலாகத் தேவை. சமவெளியில் இருபது கிலோமீட்டர் ஓடுவதற்கான மின்சாரம் அது. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, அதில் ஒரு பகுதியை மின்கலத்திற்குத் திருப்பி அனுப்பும். பிரேக்கும் அதிகம் தேயாது. எனவே மலையேற்றம் மின்சார வண்டிக்கு எதிரியன்று.

இடவசதியில் வேறுபாடு உண்டு. எக்ஸ்.இ.வி. 9இ 4.79 மீட்டர் நீளமுடையது; ஹாரியர் 4.61 மீட்டர். முன்னதன் பின்பெட்டி 663 லிட்டர். பின்னது 502 லிட்டர். சுமையோடு நெடுந்தூரம் செல்வோருக்கு முன்னது உகந்தது. ஆனால் அதன் கூரை பின்னோக்கிச் சரிந்து இறங்குகிறது. ஹாரியரின் கூரை நிமிர்ந்து நிற்கிறது. அத்தாவை இரண்டிலும் பின்னிருக்கையில் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தோம். தலையைக் குனியாமல் ஏற முடிந்தது ஹாரியரில்தான். அம்மாவும் அதையே சொன்னார். வாங்குபவர்கள் ஓட்டுநர் இருக்கையில் மட்டும் அமர்ந்து பார்த்துவிட்டு வருவது போதாது. வீட்டுப் பெரியவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஐவருக்கு மேல் பயணம் செய்யும் குடும்பங்களுக்கு இவ்விரண்டும் பொருந்தா. அவர்கள் 2025 நவம்பரில் வந்த ஏழு இருக்கை எக்ஸ்.இ.வி. 9எஸ் போன்றவற்றைப் பார்க்கலாம்.

இனி மின்சாரச் செலவு. ஒரு யூனிட்டிற்கு ஆறு கிலோமீட்டர், யூனிட் விலை ஒன்பது ரூபாய் என்று கொள்வோம். ஆண்டிற்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் செலவு ரூ.22,500. இதே தூரத்தை லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் தரும் டீசல் வண்டியில் ஓட்டினால், லிட்டர் 92 ரூபாய் என்ற கணக்கில் ரூ.1,06,000 ஆகும். ஆண்டு மிச்சம் ரூ.83,000க்கு மேல். ஆனால் இது வீட்டில் மின்னேற்றுவோருக்கான கணக்கு. நெடுஞ்சாலை விரைவு மின்னேற்றும் நிலையங்களில் கட்டணம் இருமடங்கிற்கும் மேலாகலாம். வீட்டில் 7.2 கிலோவாட் மின்னேற்றியில் பெரிய மின்கலம் நிரம்பப் பத்துப் பதினொரு மணி நேரம் பிடிக்கும். இஷாவுக்குப் பின் இணைத்தால் காலையில் ஆயத்தமாகிவிடும். இதற்கு வீட்டு இணைப்பு மும்முனையாகவும், அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதுமானதாகவும் இருக்க வேண்டும். வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் மின்வாரிய அலுவலகத்திற்குச் செல்லுங்கள்.

இந்த இடத்தில் நண்பர் ஒருவர் எளிய வழி ஒன்றைச் சொன்னார். “தோட்டத்தில்தான் மும்முனை மின்சாரம் இலவசமாக வருகிறதே, பம்புசெட் கொட்டகையில் போட்டுவிட்டால் செலவே இல்லையே!” என்றார். உழவனுக்கு நீரிறைக்க அரசு தரும் மின்சாரம் அது. பொதுப்பணத்திலிருந்து ஒரு நோக்கத்திற்காகத் தரப்படுவதை வேறொன்றிற்குத் திருப்புவது சட்டத்தின்படியும் குற்றம், அமானிதத்திற்கும் மோசம். அத்தாவுக்கு இதைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. “என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போற வண்டி திருட்டுக் கரண்டுல ஓட வேணாம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மின்கலம் குறித்த அச்சமும் இயல்பானதே. இரு வண்டிகளிலும் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. வெப்பத்தைத் தாங்குவதிலும் பலமுறை மின்னேற்றுவதைப் பொறுப்பதிலும் இது பெயர்பெற்றது. இரு நிறுவனங்களும் முதல் தனிப்பட்ட உரிமையாளருக்கு ஆயுட்கால உத்தரவாதம் அறிவித்தன. ஆனால் ‘ஆயுட்காலம்’ என்ற சொல்லுக்கு உத்தரவாதப் பத்திரத்தில் என்ன வரையறை இருக்கிறது என்பதை வரிக்கு வரி வாசித்துக் கையொப்பமிடுங்கள். டாடா அதைப் பதிவு நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகள் என்று வரையறுத்தது. சாலை வரி விலக்கு போன்ற சலுகைகளும் காலவரையறைக்கு உட்பட்டவை. பதிவு செய்யும் நாளில் நடைமுறையில் உள்ள அரசாணையைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

கடைசியாக வந்தது விலை. தம்பி ஆசைப்பட்ட நான்கு சக்கர இயக்க ஹாரியரின் அறிமுக விலை ரூ.28.99 இலட்சம். உயர்வகை எக்ஸ்.இ.வி. 9இ ரூ.30.50 இலட்சம். கையில் இருப்பதோ இருபத்து நான்கு. ஒரு விற்பனை நிலையத்தில், மீதத்தைக் கடனாகப் பெற்றுத் தருவதாகச் சொல்லித் தாள்களை நீட்டினார்கள். ஹாரியரின் தொடக்க வகைக்கும் உயர்வகைக்கும் இடையே ஏழரை இலட்சம் வேறுபாடு. அதை ஆண்டிற்கு ஒன்பது விழுக்காட்டில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ரூ.15,570, ஐந்தாண்டில் கட்டும் வட்டி மட்டும் ரூ.1,84,000. டீசலுக்குப் பதில் மின்சாரம் என்று இரண்டாண்டுகளில் மிச்சமாகும் தொகை முழுவதும் வட்டிக்கே போய்விடும். பதினெட்டு ஆண்டுகள் வட்டியில் விழாமல் காத்த குடும்பம் அரை விநாடி விரைவுக்காக அதில் விழுவதா என்று தம்பியிடம் கேட்டேன். தொலைபேசியில் நெடுநேரம் மௌனம். பிறகு, “கையில் உள்ள காசுக்குள் எது சிறந்ததோ அதை எடுங்கள் அண்ணே” என்றான். அவன் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்குக் கேட்டது. அதைவிட உறுதி அதிகமாகக் கேட்டது.

ஆகவே தொடக்க வகைகளையே ஒப்பிட்டோம். எக்ஸ்.இ.வி. 9இ தொடக்க வகையில் 59 கிலோவாட் மணி மின்கலம், 231 குதிரைத் திறன். ஹாரியர் தொடக்க வகையில் 65 கிலோவாட் மணி மின்கலம், 238 குதிரைத் திறன், பின்சக்கர இயக்கம். விலையோ ஹாரியருக்கு நாற்பதாயிரம் குறைவு. நான்கு சக்கர இயக்கம் சேற்றுத் தடத்தில் நாள்தோறும் செல்லும் தோட்டக்காரருக்கு இன்றியமையாதது; எங்கள் திராட்சைப் பெட்டிகளோ சுமை வண்டியில்தான் போகின்றன. மதுரைக்குப் போய்வர இந்த மின்கலம் தாராளமாகப் போதும். பெரியவர்கள் ஏறியிறங்கும் வசதியும் சேர, எங்கள் வீட்டின் தேர்வு தொடக்க வகை ஹாரியர் என்று முடிவாயிற்று.

இது எல்லோருக்கும் உரிய தீர்ப்பன்று. அடிக்கடி சென்னைக்கும் பெங்களூருக்கும் பயணம் செய்பவருக்கும், பெருஞ்சுமை ஏற்றுபவருக்கும், கையில் முழுத்தொகை உடையவருக்கும் 79 கிலோவாட் மணி எக்ஸ்.இ.வி. 9இ சிறந்த துணை. மேகமலைத் தோட்டச் சாலைகளில் தொழில் உடையவருக்கு நான்கு சக்கர இயக்க ஹாரியர் தன் விலைக்குப் பயன் தரும். கம்பம் கணவாயின் காற்றும், லோயர் கேம்ப்பில் பெரியாற்று நீரும் மின்சாரமாக மாறும் பள்ளத்தாக்கில் நாம் வாழ்கிறோம். மின்சார வண்டி நமக்கு அந்நியமானதன்று. தேவையின் அளவை முதலில் எழுதிக்கொண்டு, கையிருப்பை அதனருகில் எழுதிவிட்டு, அதன் பிறகு விற்பனை நிலையத்தின் வாசலை மிதிப்பவருக்கு எந்த வண்டியும் சுமையாகாது. அத்தகைய வாகனத்தில் பரக்கத்தும் பாதுகாப்பும் நிலைக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக.