கண்டு வந்த அழகும் வாழும் இல்லமும்

வீட்டைப் புதுப்பிக்க முற்படும் குடும்பத்தார் பலர், தாம் சென்று வந்த ஊர்களில் கண்ட அழகைத் தம் இல்லத்திலும் அமைக்க விழைகின்றனர். நல்ல விருப்பமே. ஆயினும் கண்டவற்றுள் எதைக் கொள்வது, எதை விடுவது என்னும் விவேகம் இதற்கு வேண்டும்.

செட்டிநாட்டு மாளிகைகளையே பாருங்கள். கடல் கடந்து வாணிபம் செய்த நகரத்தார், பர்மாவிலிருந்து தேக்கையும் இத்தாலியிலிருந்து பளிங்கையும் கொணர்ந்தனர். ஆனால் வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றத்தை அவர்கள் கைவிடவில்லை. வெப்பம் மேலெழுந்து வெளியேறவும், வெளிச்சம் உள்ளே பரவவும், மழைநீரைச் சேர்க்கவும் அம்முற்றமே உதவிற்று. அயல்நாட்டுப் பொருள் அழகு சேர்த்தது. வீட்டின் அமைப்போ சொந்த மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் இசைந்திருந்தது. இன்று அங்குச் சென்று வருவோர் சிலர், தூண்களை மட்டும் படம்பிடித்து வந்து, காற்று நுழையாத கூடத்தில் போலித் தூண்களை நிறுத்துகின்றனர். அதனினும் ஆத்தங்குடித் தளக்கல்லை வாங்குவது சிறந்தது. கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, சூளையில் சுடாமல், நீரில் ஊறவைத்துக் கையாலேயே செய்யப்படும் கல் அது. அதற்குக் கொடுக்கும் பணம் ஓர் ஊரின் கைத்தொழிலுக்குச் சென்று சேரும்.

குமரி மாவட்டத்தில், புனித தேவசகாயம் அரசப் பணி புரிந்த பத்மநாபபுரம் அரண்மனையிலும் இத்தகைய பாடம் உண்டு. 2022-ஆம் ஆண்டு அவர் புனிதராக உயர்த்தப்பட்டபின், அவர் வாழ்ந்த இடங்களைத் தரிசிக்கச் செல்வோர் இவ்வரண்மனையையும் கண்டு வரலாம். அங்குள்ள மந்திரசாலையில், நெருக்கமாகப் பொருத்திய மரச்சட்டங்கள் வெயிலின் கடுமையைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றன. மேற்கு வெயிலில் தவிக்கும் நம் வீட்டுச் சன்னலுக்கும் உள்ளூர்த் தச்சர் அவ்வாறு செய்து தரக்கூடும். அரசனின் செல்வம் அதற்குத் தேவையில்லை.

வீடு மந்திரிக்கச் செல்லும்போது என் மனத்தை வருத்தும் காட்சி ஒன்றுண்டு. வெளியூர் விடுதியொன்றில் கண்டது போன்ற பெரிய வரவேற்பறைக்காகத் திண்ணையை இடித்திருப்பர். நேற்றுவரை அத்திண்ணையில் அமர்ந்து செபமாலை சொல்லி, தெருவில் போவோரை நலம் விசாரித்த பாட்டி, இன்று பின்கட்டு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். விடுதி ஓரிரவு தங்குவோருக்காகக் கட்டப்பட்டது. இல்லமோ பிறப்பவரும் முதிர்பவரும் நோயுறுபவரும் சேர்ந்து வாழ்வதற்கு உரியது.

ஆகவே அன்பர்களே, ஓர் இடத்தின் அழகு உங்களைக் கவர்ந்தால், அங்கே சற்று அமர்ந்து பாருங்கள். காற்று எங்கிருந்து வருகிறது? முதியோர் எங்கே அமர்கின்றனர்? என்று கவனியுங்கள். வீடு திரும்பியதும், கொத்தனாரை அழைக்குமுன் பாட்டியிடம் ஒரு சொல் கேளுங்கள். குடும்பத்தார் அனைவரும் திருப்படத்தின் முன் ஒருசேர முழந்தாளிடத்தக்க இடத்தை முதலில் அளந்து ஒதுக்குங்கள். கண்ணாடி அலமாரிக்கு உரிய இடத்தை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.