பி 0087: எங்கள் லொறியும் அந்தப் பொடியனும்

நீளமான பதிவு. பதுளை, பசறை, வெலிமடைப் பக்கம் பழைய லொறி ஓட்டுகிற சகோதரர்கள் பொறுமையாக வாசியுங்கள். நான் மெக்கானிக் இல்லை, படிப்பிக்கிறவன். பிழை இருந்தால் கீழே திருத்துங்கள்.

நானாவிடம் ஒரு பழைய யப்பான் டீசல் லொறி இருக்கிறது. வெலிமடை, கெப்பெட்டிபொல பக்கம் மரக்கறி ஏற்றி வெல்லவாய, மொனராகலைக்கு இறக்குவார். திரும்பி வரும்போது வாழைக்குலையோ தேசிக்காயோ கிடைத்ததை ஏற்றி வருவார். வீட்டுச் செலவு, லீசிங், உம்மாவின் மருந்து எல்லாம் அதிலிருந்துதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற நாளிலிருந்து வேறு லொறி என்ற பேச்சையே நாங்கள் எடுத்ததில்லை.

நானாவுக்கு முழங்கால் வருத்தம் வந்த பிறகு ஓட்டுவதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. என்னிடம் படித்த பிள்ளை ஒருவன், பசறை ரோட்டில் தோட்டத்துப் பொடியன், லைசன்ஸ் எடுத்திருந்தான். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன்.

ஆறு மாதம் போனது. பிறகு செக் எஞ்சின் லைட் எரியத் தொடங்கியது. வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறுகிற ரோடு தெரியும்தானே, 30 கிலோமீற்றருக்குள் 800 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். இராவணா எல்லையை நெருங்கும்போது லைட் எரியும், எஞ்சின் இழுக்காது. ஸ்கேனர் போட்டால் பி 0087.

இந்த நம்பர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். முதல் எழுத்து பி என்றால் எஞ்சின், கியர் பக்கம். அடுத்து 0 வந்தால் எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான கோட். 0087 என்றால் ரெயிலில் டீசல் அழுத்தம் போதவில்லை. கொமன் ரெயில் எஞ்சினில் ஏற்றத்தில் அந்த அழுத்தம் 1,000 பாரையும் தாண்ட வேண்டும். லொறி டயரில் நாங்கள் அடிக்கிற காற்று 6, 7 பார்தான். ரெயில் சென்சரிலோ அதன் வயரிலோ பிழை என்றால் பெரும்பாலும் 0190இலிருந்து 0194 வரைக்கும் உள்ள ஒரு நம்பர் வரும். எங்களுக்கு ஒரு நாளும் அது வரவில்லை. சென்சர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அந்தச் சென்சரைத்தான் மாற்றினோம்!

இரண்டு தடவை மாற்றினோம். பிறகு பம்பில் இருக்கிற எஸ்சிவி வால்வு. டீசல் ஃபில்டர் மூன்று. ஒவ்வொரு தடவையும் கராஜில் கோடை அழிப்பார்கள், பதுளை டவுனுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள், சரியாக இருக்கும். அடுத்த கிழமை அதே ஏற்றம், அதே லைட்.

கடைசியாகப் போன கராஜில் ஒருவர் சொன்னார், டீசலில் கலப்படம் இருக்கலாம், யார் அடிக்கிறது என்று பாருங்கள் என்று.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பொடியன் டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறான் என்று வீட்டில் கதை எழும்பியது. அவன் இராவணா எல்லைப் பக்கம் கால் மணித்தியாலம் லொறியை நிப்பாட்டுகிறான் என்று நானாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கேட்டதற்கு அவன், "கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வச்சா சரியாயிடுது மொதலாளி" என்றான். அதையே சாட்டு என்று எடுத்துக்கொண்டோம். "நீ செல்லித்தானே இவன எடுத்தேன்" என்றார் நானா. நான் என்ன சொன்னேன்? "இருக்கலாம்" என்றேன். இரண்டு வருஷம் என் வகுப்பில் இருந்த பிள்ளையைப் பற்றி. நானா சாவியை வாங்கிக்கொண்டார். கடைசி மாதச் சம்பளத்தில் பாதியையும் பிடித்துவிட்டார். அவன் ஒன்றும் பேசாமல் கொழும்புக்குப் போய்விட்டான்.

அவன் போய் ஒன்பதாவது நாள், நானாவே முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு ஓட்டும்போது, அதே இடத்தில் அதே லைட்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் ஒரு பிள்ளையைப் பற்றி முடிவு எழுதுமுன் பார்த்ததை மட்டும் எழுதச் சொல்வார்கள். அப்போது அது பெரிய தொல்லை. இப்போது ஒரு சீஆர் கொப்பியில் கோடு போட்டு நானாவிடம் கொடுத்தேன்: திகதி, இடம், சுமை, டேங்கில் எவ்வளவு, மழையா வெயிலா, பிறகு எப்படிச் சரிவந்தது. ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒன்று இருக்கிறது, கோட் விழுந்த நேரத்தில் எஞ்சின் சுற்று, சுமை, சூடு எவ்வளவு என்று காட்டும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். தயவுசெய்து அழிக்க முதல் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். (நான் மலிவு புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி மாட்டப் போனேன். அதிலே 12 வோல்ட் என்று போட்டிருந்தது. எங்கள் லொறி 24. நல்ல வேளை, பார்த்துவிட்டேன்.)

இரண்டு மாதத்தில் 11 தடவை. எல்லாமே ஏற்றம். எல்லாமே டேங்கில் பாதிக்குக் குறைவு. நிரம்பிய டேங்கில் ஒரு நாளும் இல்லை. கடைசி நிரலில் 11 இடத்திலும் நானாவின் கையெழுத்தில் ஒரே வசனம்: "நிப்பாட்டி வைத்தபின் சரி."

கொப்பியை ஹாலிஎல பக்கம் ஒரு வயதான சிங்கள பாஸிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக் கடைசி நிரலை மட்டும் பார்த்தார். ஸ்கேனரைத் தொடவே இல்லை. 20 லீட்டர் கேனில் புது டீசலை ஊற்றி, டேங்கிலிருந்து வருகிற குழாயையும் திரும்பிப் போகிற குழாயையும் கேனுக்குள் விட்டு, கேனை இறுக்கிக் கட்டி, சுமையோடு எல்ல ஏற்றத்தில் விடச் சொன்னார். லைட் எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை.

டேங்கைக் கழற்றினோம். அடியில் தேயிலைத்தூள் ஊறிய மாதிரி கறுப்புக் கூழ். டீசலை உறிஞ்சுகிற குழாயின் வலையில் சவ்வு சவ்வாக ஒட்டியிருந்தது. ஏற்றத்தில் எஞ்சின் கூடுதலாக இழுக்க, கூழ் வலையை அடைக்கும். எஞ்சினை நிறுத்தினால் இழுவை போய், கூழ் கழன்று கீழே விழும். கால் மணித்தியாலத்தில் பாதை திறந்துவிடும்.

அந்தக் கூழ் எங்கிருந்து வந்தது? 2022இல் ஜூலையில் கியூஆர் வருமுன் வரிசையில் நின்று சேர்த்த டீசல் ஒரு பெரலில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருந்தது. லீட்டர் 460 ரூபாய்க்கு வாங்கியதை வீணாக்குவதா என்று நானா அதைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி முடித்தார். பகல் வெயில், இரவுக் குளிர், பெரலுக்குள் வேர்க்கிற தண்ணீர் டீசலுக்கு அடியில் தங்கும். அந்தத் தண்ணீரில் கிருமி வளர்ந்து இப்படிக் கூழாகும் என்று பாஸ் சொன்னார். பெரலைச் சாய்த்துப் பார்த்தோம். அதே கூழ்.

அந்தப் பொடியன் வேலைக்கு வருமுன்பே நானா ஊற்றிய டீசல் அது.

நானா அன்றைக்கே போன் எடுத்து மாப்புக் கேட்டார். பிடித்த சம்பளத்தை அவன் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா எண்ணிப் பார்க்கவில்லை, உள்ளே போய் வைத்துவிட்டு வந்து தேத்தண்ணி ஊற்றினார். குடிக்கக் கஷ்டமாக இருந்தது.

இரவு நானும் அவனுடன் பேசினேன். டேங்க், வலை, பெரல் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "அப்ப நான் நிப்பாட்டுனது சரிதானே சேர்" என்றான்.

சரிதான் என்றேன்.

இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். நானாவே ஓட்டுகிறார், இன்னும் வேறு ஆள் எடுக்கவில்லை.