பீமேஸ்வரி: பரிசல்காரர்களின் ஊர்

மைசூருக்கு வருகிறவர்கள் அரண்மனையையும் சாமுண்டி மலையையும் பார்த்துவிட்டு, மாலையில் கிருஷ்ணராஜ சாகரத்துப் பிருந்தாவனத்தில் விளக்கொளியில் ஆடும் நீரூற்றுகளையும் கண்டுவிட்டால், காவேரியைப் பார்த்தாயிற்று என்ற திருப்தியோடு ரயிலேறிவிடுகிறார்கள். அணைக்குள் அடங்கிக் கிடக்கும் அந்தக் காவேரி சாதுவானது. அதே நதி சிவசமுத்திரத்தில் ககனசுக்கி, பாரசுக்கி என்று இரண்டாகப் பிரிந்து பாறைகளின்மீது விழுந்து, 1902-ஆம் ஆண்டிலேயே கோலார்த் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுத்த கீர்த்தியோடு கிழக்கே திரும்பி, சிம்ஷா நதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தபின் அதன் சுபாவமே வேறாகிவிடுகிறது. அந்தக் காட்டுக்குள் இருக்கும் சிற்றூர்தான் பீமேஸ்வரி. தெரு, கடைவீதி, சத்திரம் என்று ஊருக்குரிய லட்சணங்கள் எவற்றையும் அங்கே தேட வேண்டாம்; நதியும், கரைமரங்களும், ஓர் அரசாங்க விடுதியும், பரிசல் தள்ளத் தெரிந்த சில குடும்பங்களுமே அந்த ஊர்.

மைசூரிலிருந்து பன்னூர் வழியாக மளவள்ளிக்குப் போகும் பாதை, கால்வாய்ப் பாசனத்தால் செழித்த நெல்வயல்களுக்கும் கரும்புக் கொல்லைகளுக்கும் நடுவே செல்வது. மாமிசத்தின் ருசிக்காகப் பெயர் பெற்ற குட்டைக்கால் பன்னூர்ச் செம்மறிகள் சாலையை மறித்துக்கொண்டு வந்தால், அவை கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மளவள்ளி தாண்டி ஹலகூரில் பிரதான சாலையை விட்டு விலகியதும் பசுமை மெல்ல வடிந்து, முள்மரமும் மூங்கிலும் கலந்த வறண்ட குன்றுகள் தொடங்குகின்றன. பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. கடைசி வளைவில் நதி தென்படும்போது அதன் இரு கரையிலும் நீர்மருத மரங்கள் வேர்களைத் தண்ணீருக்குள் இறக்கி நிற்கின்றன. அவற்றின் கிளைகளில், வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத சாம்பல் நிற மலையணில் வாசம் செய்கிறது.

அருகிலுள்ள முத்தத்தி, ஆஞ்சநேயர் கோயிலால் பிரசித்தி பெற்ற ஸ்தலம். சீதாபிராட்டி நீராடுகையில் ஆற்றில் நழுவ விட்ட முத்து மூக்குத்தியை அனுமன் தன் வாலால் நீரைத் துழாவி எடுத்துக் கொடுத்தான் என்பது ஸ்தலபுராணம். கன்னடத் திரையுலகின் ராஜ்குமாருக்குப் பெற்றோர் இட்ட முத்துராஜ் என்ற பெயர் இந்த அனுமனை வேண்டிக்கொண்டு வைத்ததே. சனி, ஞாயிறுகளில் இங்கே கூடும் ஜனத்திரளும், அது விட்டுச் செல்லும் குப்பையும், புராணத்தைச் சற்றே மறக்கச் செய்கின்றன.

பீமேஸ்வரிக்கு உலகப் பெயர் வந்தது ஒரு மீனால். காவேரியிலும் அதன் உபநதிகளிலும் மட்டுமே வாழும் திமில் மகாசீர், கெண்டை இனத்தின் பேரரசு என்று சொல்லத்தக்கது. முதுகு உயர்ந்து வளைந்திருக்கும், செதில்கள் பெரியவை, உதடு தடித்தது, பற்கள் வாயில் இல்லாமல் தொண்டைக்குள் இருந்து, நண்டையும் நத்தையையும் நொறுக்கிவிடும் வலிமை படைத்தவை. சாதாரணத் தூண்டில் முள்ளை அது நசுக்கித் தட்டையாக்கிவிடும். சென்னை ராஜதானியில் கலெக்டர் உத்தியோகம் பார்த்த ஹென்றி சலிவன் தாமஸ் என்பவர் 1873-இல் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலில் தம் நாட்டுச் சால்மன் மீனைவிட மகாசீரையே உயர்த்தி எழுதியபின், வெள்ளைக்காரத் துரைமார் தூண்டிலும் கையுமாகத் தென்னாட்டு நதிகளைத் தேடி வந்தார்கள். மைசூரிலேயே அந்த மீனுக்கு ஒரு சரித்திரம் உண்டு. மகாராஜாக்களும் வைஸ்ராய்களும் சுட்ட புலிகளையும் சிறுத்தைகளையும் பாடம் செய்து கொடுப்பதில் உலகப் புகழ் பெற்றிருந்த வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன், 1946-இல் கபினியில் பிடித்த 120 ராத்தல் மீன், அதாவது சுமார் 54 கிலோ, தூண்டிலில் அகப்பட்ட மகாசீர்களுள் தலைசிறந்ததாக இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது.

சுதந்திரத்துக்குப் பின் அந்தப் பெரிய மீன்கள் அழிந்தே போயின என்று மேல்நாட்டில் எண்ணியிருந்த காலத்தில், இங்கிலாந்து இளைஞர் மூவர் 1978-இல் இந்தப் பகுதிக்கு வந்து 92 ராத்தல் மீன் ஒன்றைப் பிடித்துக் காட்டினார்கள். அதன்பின் 1980-இல் தோன்றிய கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரியில் மீன்பிடி முகாம் அமைத்தது; மேலே தொட்டமக்களியிலும் கீழே கலிபோரிலும் அதன் கிளைகள் எழுந்தன. தென்னிந்திய வனவிலங்குச் சங்கத்தாரும் நதியின் ஒரு பகுதியைத் தங்கள் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டனர்.

அந்த முகாம்களின் உயிர்நாடி, வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்ட உள்ளூர்ப் பரிசல்காரர்களே. அவர்களில் பலர் முன்னாளில் வெடி வைத்தும் வலை வீசியும் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள் என்பது அங்கே ரகசியமல்ல. மீன் எந்த மடுவில் படுத்திருக்கும், அணையிலிருந்து நீர் திறந்துவிட்ட நாளில் எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? பிற்பகல் மூன்று மணிக்கு மேல், பாறைச் சூடு தணிந்து மேல்காற்று எழும் வேளையில், விருந்தாளியைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு துறையை விட்டு நகர்வார்கள். தூண்டிலுக்கு இரை, ராகி மாவு. மாவைக் கெட்டியாகப் பிசைந்து, உருட்டி, கொதிநீரில் வேகவைத்து, ஆறியதும் மறுபடியும் அழுத்திப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவில் முள் முழுதும் மறையும்படி பொதிந்துவிடுவார்கள். சரியாக வேகாத உருண்டை நீரில் கரையும். அதிகம் வெந்தது வெடித்துப் போகும். இந்தப் பக்குவம் கைக்கு வர வருஷங்கள் ஆகுமாம்.

நீரோட்டம் பாறையில் மோதிச் சுழன்று தணியும் இடத்தில் உருண்டையை இறக்கி, நரம்பை ஒரு விரலில் மட்டும் தாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். பொடிமீன்கள் கொத்துவது விரலில் தெரியும். அதற்கு அசையக் கூடாது. “அது வந்தா உங்களுக்கே தெரியும் சார், நான் சொல்ல வேண்டியதில்லே” என்பார் வழிகாட்டி. கொள்ளேகாலத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்களாதலின், தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் பேச்சு அவர்களுடையது. பெரிய மீன் கவ்வியதும் நூறு கஜ நரம்பை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு கீழ்நோக்கி ஓடும். நரம்பு பாறை இடுக்கில் சிக்கினால், பரிசலை அந்தச் சுழலுக்குள்ளேயே செலுத்திக் கையால் விடுவிப்பது வழிகாட்டியின் பொறுப்பு. இந்த இடத்தில் துடுப்பு ஒன்றே துணை. பிடித்த மீனின் உதட்டில் கயிறு கோத்து, களைப்பு நீங்கும்வரை ஆற்றிலேயே கட்டிவைத்து, எடை பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, மீண்டும் நீரில் விட்டுவிடுவார்கள். தின்பதற்கென்று அங்கே ஒரு மீனும் கொல்லப்பட்டதில்லை. உயிரோடிருக்கும் மீனால் தம் வீட்டில் அடுப்பெரிகிறது என்று கண்டுகொண்டபின், வெடி வைப்பவர்களை விரட்டியவர்களும் அந்தப் பழைய வெடிகாரர்களே.

இவ்வளவும் இப்போது இறந்தகாலம். இந்தப் பகுதி 1987-இலேயே காவேரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது. சரணாலயத்துக்குள் விளையாட்டுக்காக மீன் பிடிப்பதும் வேட்டையே என்ற கொள்கை வலுத்து, 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தூண்டில் போடுவது அடியோடு நிறுத்தப்பட்டது. சட்டத்தின் தர்க்கத்தில் குற்றம் காண எனக்கு வகையில்லை. ஆனாலும், யானைக்கும் புலிக்கும் காவலர்கள் உண்டு; நீருக்கடியில் இருக்கும் மீனுக்கு இரவில் காவலிருந்தவர்கள் அந்த முகாம்களின் ஆட்கள் மட்டுமே என்பதைச் சட்டம் செய்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தூண்டில்காரர்களும் முழுக்க நிரபராதிகள் அல்லர். மகாராஷ்டிரத்து லோணாவ்லாவில் டாட்டா மின்சார நிறுவனத்தார் குஞ்சு பொரித்து வளர்த்த நீலத்துடுப்பு மகாசீரை, மீன் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தில், காவேரியிலும் கொண்டுவந்து விட்டார்கள். கலிபோரில் 1998 முதல் 2012 வரை விருந்தாளிகள் எழுதிவைத்த மீன்பிடிக் குறிப்பேடுகளைப் பின்னர் ஆராய்ந்த விஞ்ஞானிகள், வந்தேறிய மீன் ஆண்டுதோறும் பெருகிக்கொண்டு போக, நதிக்கே உரிய திமில் மகாசீர் அரிதாகிக்கொண்டே வந்ததைக் கண்டார்கள். அந்த மீனுக்கு விஞ்ஞானப் பெயர்கூட வெகுகாலம் உறுதிப்படாமலிருந்தது. கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த ஒரு மகாசீருக்கு 2007-இல் ‘டோர் ரேமாதேவி’ என்று பெயரிட்டிருந்தார்கள். காவேரியின் திமில் மீனும் அதுவே என்று 2018-இல் தெளிந்தது. பாம்பாறு அமராவதியில் கலந்து, அமராவதி கரூருக்கருகே காவேரியில் சேருவதால், இரண்டும் ஒரே நதிக்குடும்பத்து மீன்களே. அதே ஆண்டில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது.

இன்றைய பீமேஸ்வரியில் கயிற்றில் தொங்கிப் பறக்கும் விளையாட்டுக்கும், படகு துழாவும் பயிற்சிக்கும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவற்றைக் குறை சொல்வானேன். ஆனால் அவற்றுக்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. பரிசல் மட்டும் இன்னும் இருக்கிறது. மூங்கில் சிம்புகளைப் பின்னி முன்பு தோல் போர்த்தியிருந்தார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும். பிற்பகலில் அதில் ஏறி உட்கார்ந்தால், மணல் திட்டில் வாய் திறந்து கிடக்கும் முதலையையும், கூட்டமாகத் தலை நீட்டும் நீர்நாய்களையும் காட்டிக்கொண்டே செல்லும் பரிசல்காரர், ஓர் ஆழமான மடுவின்மேல் வந்ததும் துடுப்பை நிறுத்திக்கொண்டு, இங்கேதான் எண்பது ராத்தல் மீன் ஒன்று ஒரு துரையை ஒரு மணி நேரம் ஆட்டி வைத்தது என்று தொடங்குவார். எடை கதைக்குக் கதை சற்றுக் கூடலாம். மடு எது என்பதில் அவருக்குத் தவறு நேராது.

மீனைக் காப்பதென்று அரசு உண்மையாகவே தீர்மானித்தால், அந்த மடுக்களின் விலாசம் தெரிந்த இந்த மனிதர்களையே சம்பளம் கொடுத்து நதிக்காவலர்களாக நியமிப்பதைவிடச் சுலபமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. போகிறவர்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை போகலாம். மழைக்காலத்தில் பரிசல் ஓடாது. தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முத்தத்தியில் நீர் அமைதியாகத் தோன்றினாலும் அடியில் சுழல் உண்டு. ஆண்டுதோறும் அங்கே உயிர்கள் போகின்றன. கரையில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தால் போதும்.