மூன்று துவாரம், ஆறு ஸ்டட்

ஹட்டனில் பழைய காரை மதிப்பிடுபவர்கள் பெயின்டைப் பார்ப்பதில்லை. கினிகத்தேனை ஏற்றத்தில் எந்தக் கியரில் ஏறுகிறது என்றுதான் கேட்பார்கள். டிக்கோயா வீதியோரக் கராஜுக்கு வந்திருந்த மொறிஸ் மைனரின் குறையும் அதுதான்: ஏற்றத்தில் இழுவை இல்லை. வார்ப்பிரும்பு மெனிபோல்டில் வெடிப்பு விழுந்து புகை கசிந்தது. தோட்ட ஆபீஸில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற காரின் சொந்தக்காரர், அந்த மெனிபோல்டைக் கழற்றிவிட்டு எஃகுக் குழாய் ஹெடர் பூட்டத் தீர்மானித்திருந்தார்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வெளிவந்தது. 1098 சிசி எஞ்சின் அதற்கு 1962இல் கிடைத்தது. 1990களில் இங்கிலாந்திலுள்ள மைனர்களுக்கான தகட்டுப் பாகங்கள் இலங்கையிலேயே செய்து அனுப்பப்பட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, ஓடுகிற பழைய கார் எதுவானாலும் அதற்கு மவுசு வந்தது.

இந்த எஞ்சினில் சிலிண்டர் நாலு. புகை வெளியேறும் துவாரமோ மூன்றுதான். நடு இரண்டு சிலிண்டருக்கும் ஒரே வாசல். ஹெடரில் நடுக்குழாய் தனியே நீளமாக இறங்கும். ஓரக்குழாய்கள் இரண்டும் முதலில் தமக்குள் சேர்ந்து, பிறகே அதனுடன் கலக்கும். வெடிப்பு வரிசை 1-3-4-2 என்பதால், ஒரு குழாயைப் பகிரும் இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து ஊதுவதில்லை. ஒன்றின் புகை மற்றதன் வழியை மறிக்காததால் நடுத்தர வேகத்தில் இழுவை கூடும்.

“கொழும்புல ஓட்டுறவருக்கு வேகம் வேணும் சேர். நமக்கு ரெண்டாங் கியர்ல இழுத்தாப் போதும்” என்றார் கராஜ் பாஸ்.

முந்தின நாளே மெனிபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்களுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தார். உதவிப் பையன் ஸ்பனரை வேகமாகத் திருப்பப் போனான். “மெதுவாடா தம்பி. ஸ்டட் ஒடிஞ்சா ஹெட்டக் கழட்டணும்.” கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி ஆறு நட்டுகளையும் எடுத்தார்கள்.

உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்கியது. கலவை உள்ளே போகும் மெனிபோல்டையும் புகைக்குழாயையும் ஒரே பெரிய வொஷர்கள்தான் சேர்த்து அழுத்துகின்றன. ஹெடரின் விளிம்பு மெல்லியது. அப்படியே பூட்டினால் வொஷர் சரிந்து, ஒரு பக்கம் மட்டும் இறுகும், மறுபக்கம் கசியும். பாஸ் வொஷர்களை ஒவ்வொன்றாக வைஸில் பிடித்து, ஒரு பாதியை மட்டும் அரத்தால் ராவினார். காலைப்பொழுது அதிலேயே போனது. பிறகு புதிய கேஸ்கட். நடுவிலிருந்து ஓரத்துக்கு, சிறிது சிறிதாக இறுக்கம். கீழே குழாயைக் கியர்பொக்ஸோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டார். ரப்பர் தாங்கியில் எஞ்சின் ஆடும்போது குழாயும் சேர்ந்து ஆடாவிட்டால் வெல்டிங் விட்டுப்போகும்.

ஹெடருக்கு இங்கே ஒரு விலையும் உண்டு. பழைய வார்ப்பிரும்பு, தன் சூட்டால் கலவையையும் சூடாக்கியது. மெல்லிய குழாய் அதைச் செய்யாது. பனிமூட்டமான காலையில் ஈரக்காற்று கார்பரேட்டருக்குள் மேலும் குளிர்ந்து, தொண்டையில் பனி படியலாம். அதனால் எயார் பில்டரின் மூக்கைப் புகைக்குழாய்ப் பக்கம் திருப்பி வைத்தார். குளிர்காலத்துக்கென்று பிரிட்டிஷ்காரன் வைத்த ஏற்பாடு ஹட்டன் மூட்டத்துக்கு உதவுகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கு வைத்த கார்பரேட்டர் இங்கே பெற்றோலைக் கூடுதலாகக் கொடுக்கும். ஹெடர் பூட்டிய பின் கலவையும் மாறும் என்பதால் ஜெட் நட்டைத் திருப்பி, பிளக் நிறத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார்.

ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் வாயைத் துணியால் ஒரு கணம் அடைத்து, இணைப்புகளில் காதை வைத்தார். சீறல் இல்லை. நோர்வூட் வரை ஓடி வந்த எஞ்சினை ஆறவிட்டு மறுபடி இறுக்கியபோது, சில நட்டுகள் இன்னும் கொஞ்சம் திரும்பின.

கிளாக்கர் முழுக் கூலியையும் நீட்டினார். பாஸ் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். “ஒரு கெழம ஓட்டிட்டுக் கொண்டாங்க ஐயா. இன்னொருக்கா இறுக்கினாத்தான் வேல முடிஞ்சது. மிச்சத்த அப்ப தாங்க.”