திருவொற்றியூரிலிருந்து கொழும்பு எவ்வளவு தூரம்?

'சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?' இலங்கையில் சொந்தபந்தம் உள்ள வாசகர்கள் பலருக்கும் உள்ள கேள்வி இது. மீனம்பாக்கத்திலிருந்து கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையம், வான்வழியில் சுமார் 645 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். யாழ்ப்பாணத்துப் பலாலி இன்னும் பக்கம். சுமார் 355 கிலோமீட்டர்தான். வான்வழியில் பார்த்தால் சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் கிட்டத்தில் இருக்கிறது! இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் வேலையும் இல்லை.

ஆனால், பயணம் விமானத்தில் தொடங்குவதில்லை, வீட்டு வாசலில் தொடங்குகிறது. வடசென்னையின் விம்கோ நகரில் மெட்ரோ ரயில் ஏறினால், திருவொற்றியூர், வண்ணாரப்பேட்டை, சென்ட்ரல் வழியாக விமான நிலையம் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். கொழும்புக்குப் பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி நகரைக் கடக்கவே போய்விடுகிறது. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். இறங்கிய பிறகு குடியுரிமைச் சோதனை, பெட்டிக்குக் காத்திருப்பு, கட்டுநாயக்கவிலிருந்து நகருக்குள் போகும் சாலைப் பயணம். எல்லாம் கூட்டினால் ஏழெட்டு மணி நேரம். கிராமத்திலிருந்து கிளம்புகிறவர்கள் முழுசாக ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

அந்தக் காலத்தில் எழும்பூரில் 'போட் மெயில்' ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழி அறுந்துபோனது.

மனிதர் பறக்கலாம், மூட்டைக்குக் கடல்தான் வழி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் போனால், ஒரு பக்கம் காசிமேட்டு விசைப்படகுகள், மறுபக்கம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள். பாக் நீரிணை ஆழமில்லாதது. அதனால் இங்கிருந்து கொழும்பு போகும் பெரிய சரக்குக் கப்பல்கள் இலங்கையின் கிழக்கையும் தெற்கையும் சுற்றிக்கொண்டு போகின்றன. வானில் 645 கிலோமீட்டர், கடலில் ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

2022-இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, தமிழக அரசின் முதல் நிவாரணக் கப்பல் மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்துகள். அரிசியை 50 கிலோ மூட்டையாகக் கணக்குப் போட்டால் 1,80,000 மூட்டை! மே 22-இல் அந்தச் சரக்கு கொழும்பில் ஒப்படைக்கப்பட்டது. அங்கே அடுப்பு எரிய இங்கே விளைந்த நெல் போய்ச் சேர நான்கு நாள் போதுமானதாக இருந்தது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'அக்கா வீட்டுத் தோட்டத்துக்கு' என்று விதையையோ, மாங்கன்றையோ, மண்ணோடு செடியையோ பையில் வைக்காதீர்கள். உரிய அனுமதியும் தாவர சுகாதாரச் சான்றும் இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள். ஒரு கன்றோடு போகும் பூச்சியும் நோயும் அங்குள்ள தோப்பையே காலி செய்துவிடும். திரும்பி வரும்போது நம் வயலுக்கும் அதே ஆபத்துதான். சான்று பற்றிய விவரங்களை மீனம்பாக்கத்திலுள்ள மத்திய அரசின் தாவர நோய்த்தடுப்பு நிலையத்தில் கேட்டறியலாம். பாஸ்போர்ட், பயண அனுமதி விதிகளை டிக்கெட் எடுக்கும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.