நேபாளத்துக் கொழுக்கட்டை

மகளுக்கு முதற் சம்பளம். "அம்மா, இண்டைக்கு நீங்கள் சமைக்க வேண்டாம்" என்று, வன்னியிலிருந்து வந்திருந்த என்னை ஹெவ்லொக் டவுனில் ஒரு நேபாள உணவகத்துக்குக் கூட்டிச் சென்றாள். உள்ளே ஒரே பாட்டும் சிரிப்பும். 2009 இல் என் கணவர் காணாமல் போன நாளிலிருந்து நான் கடையில் இருந்து சாப்பிட்டதில்லை. 'புருசனைக் காணேல்லை, இவவுக்குக் கடைச் சாப்பாடு கேக்குது' என்று ஊர் சொல்லுமே என்ற பயம். சுவரோரமாய் ஒடுங்கி இருந்தேன்.

ஆவி பறக்க 'மோமோ' வந்தது. மாவுக்குள் கோழி இறைச்சி, வெங்காயம், இஞ்சி வைத்து அவித்தது. தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி. நமது கொழுக்கட்டைதான், உறைப்போடு!

பரிமாறிய பிள்ளை நேபாளத்தவள். அங்கே இரு வேளையும் சோறும் பருப்பும்தானாம். மகள் மொழிபெயர்க்கப் பேச்சு வளர்ந்தது. அவர்கள் நாட்டிலும் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர். 1,300 பேருக்கு மேல் காணாமல் போனார்கள். அவளது மாமாவும் அதில் ஒருவர்.

"மாமி இப்பவும் அவருக்கு ஒரு தட்டுச் சோறு எடுத்து வைக்கிறவவாம்" என்றாள் மகள்.

நானும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு நிமிர்ந்திருந்து, தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டேன்.

சகோதரிகளே, அவருக்காக எடுத்து வைப்போம். நாமும் வயிறாறச் சாப்பிடுவோம். காத்திருக்கவும் பலம் வேண்டும்.