நல்லதண்ணியிலிருந்து கடலுக்கு

சிவனொளிபாதமலையின் அடிவாரத்தே, நல்லதண்ணி என்னும் இனிய பெயர் பூண்ட ஊரிலே வாழும் நமக்குத் தண்ணீரைப் பற்றி எவரும் பாடம் புகட்ட வேண்டியதில்லை என்றே எண்ணியிருக்கின்றோம். பாறைக்குப் பாறை தாவிவரும் ஓடைகளையும், பழைய மஸ்கெலியா நகரைத் தன்னுள் மறைத்துக்கொண்ட மவுசாகலை நீர்த்தேக்கத்தையும் பார்த்தே நம் பிள்ளைகள் வளர்கின்றனர். ஓடை இரைந்தால் ஒதுங்கி நில். அமைதியாய் ஓடினால் காலை நனை. மலைநாட்டுப் பெற்றோர் சொல்லித்தரும் விதி இதுவே. கடற்கரையிலோ இவ்விதி தலைகீழாகிவிடுகின்றது. ஆதலால், அலைப்பலகையுடன் குடும்பமாய்க் கடலாடச் செல்ல விரும்புவோர் எக்கரையைத் தெரிந்தெடுத்தல் நன்று என்பது பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம்.

அலைப்பலகை என்றது, கடைகளிலே 'பொடிபோர்ட்' எனக் கேட்டு வாங்கும் பொருளை. 1971-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவிலே டொம் மோரி என்பவர் நுரைப்பொருளால் இதனைச் செய்தார். அதற்கு நெடுங்காலம் முன்னரே அத்தீவினர் மரப்பலகைமீது குப்புறக் கிடந்து அலையேறி விளையாடி வந்தனர். எழுந்து நிற்க வேண்டாமையால், பத்து வயதுப் பிள்ளையும் ஒரு காலைப் பொழுதிலே பழகிக்கொள்ளலாம். நிமிர்த்தி வைத்தால் பிள்ளையின் தொப்புள் உயரத்துக்கு வருவதே ஏற்ற அளவு. கையிற் கட்டும் கயிறு இற்றுப்போன பலகையை வாடகைக்கு எடுக்கவேண்டாம்.

முதலிற் பார்க்கவேண்டியது கரையன்று, மாதம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் மேற்குக் கரையும் தெற்குக் கரையும் கொந்தளிக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அவை தணிந்திருக்கும். கிழக்குக் கரைக்கு இது மாறி நிகழும். இங்கே நம் ஊருக்கென்றே ஓர் இக்கட்டு உண்டு. டிசம்பரில் வரும் உந்துவப் போயா முதல் மே மாதத்து வெசாக் போயா வரை நமக்கு யாத்திரைக் காலம். கடை வைத்திருப்போர்க்கு இரவும் பகலும் வேலை. கையிற் காசும் ஓய்வும் சேர்வது யாத்திரை முடிந்த பின்னரே. அப்பொழுதோ தெற்குக் கடல் சீறிக்கொண்டிருக்கும். ஆகஸ்டில் விடுமுறை வாய்த்ததென்று வான் வண்டி பிடித்துக் கல்கிசைக்கு விரைந்தோடும் வழக்கம் நமக்குச் சற்றும் உடன்பாடன்று.

ஆகஸ்டில்தான் போகவேண்டுமாயின் கிழக்கே பாசிக்குடா இருக்கின்றது. நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவே நீர். சிறு பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கரை இல்லை எனலாம். ஆனால் அலை குறைவாதலின் பலகை மிதக்குமேயன்றி ஓடாது. வழியும் இருநூறு கிலோமீற்றருக்கு மேல். ஓரிரவு தங்காமல் முடியாது. அறுகங்குடாவின் புகழைக் கேட்டு மயங்கவேண்டாம். அங்குள்ள பேரலைகள் தேர்ந்தவர்க்கு உரியவை. ஹிக்கடுவையில் பவளப்பாறைகள் அலையைத் தடுக்கின்றன, காலையும் கிழிக்கின்றன. கடையை ஒருநாள் உறவினரிடம் ஒப்படைத்துவிட்டு, ஜனவரியிலோ பெப்ரவரியிலோ வெலிகமைக்குச் செல்வதே நம் தீர்ப்பு. அகன்ற வளைகுடா, மணற்றரை, மெல்லிய சரிவு. அலை தூரத்தே உடைந்து வெண்ணுரையாய் உருண்டு வரும். பழகுவோர் பலர் அங்கே கூடுவது காரணமின்றியன்று.

சென்ற தை மாதத்திலே நாம் பதினொருவர் அங்குச் சென்றிருந்தோம். இருபுறமும் அலைகள் உடைந்துகொண்டிருக்க, நடுவே ஓரிடம் மட்டும் கண்ணாடிபோற் கிடந்தது. அம்மாயி அதைக் கண்டதும், "அந்த எடம் அமைதியா இருக்கு, புள்ளைகள அங்க எறக்குங்க" என்றார். பலகை வாடகைக்குக் கொடுத்த இளைஞர் தமிழ் பேசுபவர். அவர் ஓடிவந்து, "வேணாம் பாட்டி! அலை உடையாத எடத்துலதான் தண்ணி வெளியே இழுக்கும்" என்று தடுத்தார்.

அவர் சொன்னது முற்றும் உண்மை. அலைகள் கரைக்குக் கொணர்ந்து குவிக்கும் நீர் திரும்பிச் செல்ல வழி தேடுகின்றது. மணலிலே ஆழமான பள்ளம் எங்குண்டோ அங்கே திரண்டு கடலை நோக்கி ஓடுகின்றது. ஆழம் மிகுதியாதலின் அங்கே அலை உடைவதில்லை. கருத்து, அமைதியாய்த் தோன்றும். சில வேளைகளில் கலங்கிய மணலும் நுரையும் வெளிநோக்கிச் செல்வதைக் காணலாம். வேகம் மிகும்போது பெரிய நீச்சல் வீரனாலும் அதனை எதிர்த்து நீந்த இயலாது. அகப்பட்டவர் பலகையை விடாது பற்றிக் கொண்டு, கையை உயர்த்தி உதவி கோரவேண்டும். நீந்துவதாயின் கரையை நோக்கியன்று, கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் பக்கத்தை அடையவேண்டும். பிள்ளைகளை நீரில் இறக்குமுன் பெரியோர் பத்து நிமிடம் கரையில் நின்று இவ்விடங்களைக் கண்டுகொள்வது நலம்.

ஆற்று முகங்களையும் தவிர்க்க. நம் மஸ்கெலியா ஓயாவின் நீர் களனி கங்கையாகிக் கொழும்பின் வடபால் முகத்துவாரத்தருகே கடலிற் கலக்கின்றது; நம் ஊர்த் தண்ணீராயினும் அங்கே குளிக்க உறவு கொண்டாடக் கூடாது! செங்குத்தாய்ச் சரிந்த கரையில், அலை நேரே மணல்மீது வந்து அறையுமாயின், பலகையோடு தலைகுப்புற விழுந்து கழுத்து முறியலாம். உயிர்காப்போர் நிற்கும் கரையே கரை. சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே இறங்குக. செங்கொடி பறந்தால் மணலில் விளையாடித் திரும்புக. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, நம் யாத்திரை தொடங்கும் அந்த உந்துவப் போயா நாளிலேயே ஆழிப்பேரலை வந்ததை மறந்தோரில்லை. கடல் திடீரெனப் பின்வாங்கினால் சிப்பி பொறுக்க நில்லாது மேட்டை நோக்கி ஓடவேண்டும்.

இனி வழியைப் பற்றி ஒரு சொல். இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு, ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாகத் தெற்கு அதிவேகப் பாதையை அடைந்தால் விடியுமுன் வெலிகமை சேரலாம். சாரதி அன்று பிற்பகலிலே உறங்கியிருத்தல் வேண்டும். கினிகத்தேனைத் திருப்பங்கள் கடலுக்கு இளைத்தவையல்ல. வெயில் ஏறுமுன், ஆறு மணி முதல் பத்து மணி வரை கடலாடலாம். பின்னர் நன்னீரிற் குளித்து, கொண்டுசென்ற ரொட்டியையும் சம்பலையும் உண்டு, நண்பகலிலே புறப்பட்டால் மூடுபனி அடருமுன் மஸ்கெலியாவைத் தாண்டிவிடலாம்.